வெந்நீருக்குப் பதினைந்து நிமிடம்

கழுத்துவரை இறங்கியதும் அவளுக்கு முதலில் வந்தது சந்தேகம்தான்.

இவ்வளவு வெந்நீரை யார் காய்ச்சினார்கள்?

யாரும் இல்லை. மலைக்கு அடியிலிருந்து அதுவாக வந்துகொண்டிருந்தது. கல்தொட்டியின் மூலையில் ஒரு குழாய். அதை மூடத் திருகுகூட இல்லை.

மேலே கூரை கிடையாது. சுற்றிலும் உயரமான சுவர். சுவருக்கு மேலே பனி மூடிய மலை.

கந்தக வாடை, அழுகிய முட்டை மாதிரி. இரண்டு நிமிடத்தில் அதுவும் பழகிவிட்டது.

ஈரோட்டு வீட்டில் பதினைந்து லிட்டர் கீசர். முதலில் மாமனார். அப்புறம் கணவர் கோதண்டம். அப்புறம் கல்லூரிக்குப் போகும் இரண்டு பையன்கள். அவள் முறை வரும்போது குழாயில் வருவதை வெந்நீர் என்று சொல்ல முடியாது. தண்ணீர் என்று சொல்லலாம்.

விசில் ஊதியது.

"பதினஞ்சு நிமிஷம் ஆச்சு! எல்லாரும் வண்டிக்கு வாங்க!"

வழிகாட்டி ஜெயசீலன். ஈரோட்டிலிருந்தே கூட்டி வந்தவர். காலை ஆறு மணிக்கு மணாலி விடுதியிலிருந்து கிளப்பியவர். அருவி, ஆப்பிள் தோட்டம், சால்வைக் கடை என்று இன்னும் மூன்று இடங்கள் அவர் பட்டியலில் பாக்கி இருந்தன.

மற்றப் பெண்கள் கரையேறினார்கள். உடை மாற்றினார்கள். போனார்கள்.

அவளும் எழ வேண்டும் என்றுதான் நினைத்தாள்.

கால் கேட்கவில்லை.

சுவருக்கு அப்பால் கணவரின் குரல். ஆண்கள் குளத்தில் நான்கே நிமிடத்தில் குளித்து முடித்து, தலை சீவி, மங்கி குல்லாவும் மாட்டியாகிவிட்டது.

"வண்டி கிளம்புது!"

"வரேனுங்க," என்றாள்.

வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் மரகதம் டீச்சர் உள்ளே வந்தார். ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியை. அவர் பார்த்தால் ஆண்களே வரிசையில் நிற்பார்கள். அதனால்தான் அவரை அனுப்பியிருந்தார்கள். சளி பிடிக்கும் என்று டீச்சர் இதுவரை பாதத்தைக்கூட நனைக்கவில்லை.

"எந்திரிங்க. முப்பது பேர் காத்திருக்காங்க."

"எந்திரிக்கறேன் டீச்சர். குதிகாலை மட்டும் ஒரு நிமிஷம் உள்ளே வெச்சுப் பாருங்க."

டீச்சர் கண்டிப்பாகப் பார்த்தார்.

பிறகு செருப்பைக் கழற்றினார். பிறகு சாக்ஸை.

குதிகால் போன வழியே முழங்கால் போனது. சற்றைக்கெல்லாம் டீச்சர் சுடிதாரோடு தோள்வரை உள்ளே இருந்தார். மாற்றுத் துணி வண்டியில் இருந்தது. அதைப் பற்றி அவர் பேசவில்லை.

டீச்சரைக் கூப்பிடச் சிவகாமி அம்மாள் வந்தார்.

சிவகாமி அம்மாளைக் கூப்பிட அவர் மருமகள் வந்தாள். மாமியார் தண்ணீரில் மிதப்பதைப் பார்த்துவிட்டு வந்த வழியே நழுவப் பார்த்தாள்.

"எங்கே போற? எறங்கு."

கல்யாணமாகி மூன்று வருடத்தில் மருமகள் மறுபேச்சில்லாமல் கேட்ட முதல் வார்த்தை அது.

விசில் மேலும் இரண்டு முறை ஊதியது. ஒவ்வொரு விசிலுக்கும் வெளியிலிருந்து ஆள் வந்தது. உள்ளிருந்து போகவில்லை.

கடைசியில் தொட்டியில் பதினோரு பேர். அனுப்ப இனி வெளியே பெண்கள் இல்லை.

ஆண்கள் மட்டும் வண்டியருகே நின்றார்கள். ஆளுக்கொரு தோளில் மனைவியின் கைப்பை. மதியச் சாப்பாடு வேறு வண்டியில் முன்கூட்டியே அருவிக்கரைக்குப் போய்விட்டது என்பது அவர்களுக்கு மெதுவாகப் புரியத் தொடங்கியது.

"சால்வைக் கடையில சொல்லி வெச்சிருக்கேன்!" ஜெயசீலனின் குரல் சுவர் தாண்டி வந்தது. "காத்திருப்பாங்க!"

"காத்திருக்கட்டும்," என்றார் டீச்சர், கண்ணைத் திறக்காமல்.

ஆண்கள் கூடிப் பேசினார்கள். ஆரம்பித்தது கோதண்டத்தின் வீட்டுக்காரி. எனவே முடிக்க வேண்டியவர் கோதண்டம்.

அவர் சுவரோரம் வந்து செருமினார்.

"இந்தா புள்ள!"

பதினோரு பேரும் திரும்பினார்கள்.

"எந்தப் புள்ளைங்க?" என்று கேட்டார் சிவகாமி அம்மாள்.

உள்ளே எழுந்த சிரிப்பில் தண்ணீர் கரை தளும்பியது.

சுவருக்கு அப்பால் பேச்சே இல்லை.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. நாலு பேர் அவரைப் பார்த்துச் சிரிக்கும்படி ஆகிவிட்டது. இருபத்தாறு வருடப் பழக்கத்தில், இந்த மௌனத்துக்குப் பிறகு என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும்.

கால் இப்போது கேட்டது. தொட்டியின் விளிம்பைப் பிடித்து எழுந்தாள். தோளில் பனிக்காற்று சுரீரென்று அடித்தது.

அப்போது அவர் குரல் வந்தது. தாழ்வாக. பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

"சூடு... போதுமா?"

குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, இத்தனை வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. உள்ளே இருந்த அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

டீச்சர் கண்ணைத் திறந்தார். மருமகள் மாமியாரைப் பார்த்தாள்.

அவள் மெல்லத் தோளைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டாள்.

"காதுல விழலீங்க," என்றாள். "இன்னொருக்கா கேளுங்க."