மூன்றாவது பத்தி

"மூணாவது பத்தியை மட்டும் எடுத்துடும்மா. மிச்சத்தை அப்படியே போட்டுடறேன்."

பத்திரிகை ஆசிரியர் இரண்டாம் முறை சொல்லியும் சினிமா விமர்சகி நாற்காலியை விட்டு அசையவில்லை. அலுவலகத்தில் அவளுக்குக் 'கத்தரி' என்று பெயர். ஊரே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் படத்தையும் நறுக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். எழுதுவது புனைபெயரில். வீட்டுக் கதை எதையும் யாரிடமும் பேசியதில்லை.

இந்த முறை மாட்டியது, பதினைந்து வருடத்துக்கு முந்தைய துறைமுகத் துப்பாக்கிச்சூட்டைப் பற்றிய படம். அதில் அமைச்சர் ஒரு பாவமும் அறியாதவர்; செய்தி கேட்டுத் தேம்பித் தேம்பி அழுகிறார். தியேட்டரே சேர்ந்து அழுததாம். கத்தரியின் மூன்றாவது பத்தியோ, சுடச் சொன்ன உத்தரவில் அமைச்சரே தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கையெழுத்துப் போட்டார் என்றது.

விசாரணைக் கமிஷனே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த விவகாரம் அது. வழக்கு வந்தால் பத்திரிகையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று ஆசிரியருக்குப் பயம். பயத்தை மீறி ஒரு பெருமையும் இருந்தது. எத்தனையோ பேர் விமர்சனம் எழுதுகிற ஊரில் இந்த ஒரு பெண்ணுக்குத்தானே இதை எழுதத் துணிச்சல் வந்தது, அதுவும் தன் பத்திரிகையில்!

ஆனாலும், நேரில் பார்த்த இரண்டு பேர் சொல்லாமல் எதையும் அச்சேற்றுவதில்லை என்பது அங்கே முப்பது வருட வழக்கம். அவர் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

அந்தப் பத்தி போனால் தனக்கு வேலையும் வேண்டாம் என்று சொல்லி, அவள் ராஜினாமாக் கடிதத்தை அவர் முன்னால் வைத்தாள். வெறும் மிரட்டலில்லை, தேதி போட்ட கடிதம்.

ஆசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். "சரிம்மா. பார்த்தவங்க ரெண்டு பேர் யாரு?"

"ஒண்ணு நான் சார். அப்ப எனக்குப் பன்னிரண்டு வயசு. அதே மேசையில சாப்பிட்டுட்டு இருந்தேன்."

அவருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. இன்னொருவர் யார் என்று கேட்டார்.

கத்தரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் குரலில் அதுவரை அவர் கேட்டிராத ஒரு பெருமை.

"எங்கப்பா. அவர்தான் சார் அந்த அமைச்சர். நேத்து முழுசாப் படிச்சுக் காட்டினேன். செத்தவங்க ஏழு பேர்னு எழுதியிருந்தேன், அதை ஒம்பதுன்னு திருத்திக் குடுத்ததே அவர்தான்."