தொட்டிக்குள் மூன்று நாள்

"அந்தத் துப்புரவுக்காரிக்கு நெஞ்சுல ஈரமே கிடையாது மேடம்" என்றார் டீச்சர்.

சனிக்கிழமைதோறும் மேடம் தன் ஹாலில் நடத்துவது 'மனம் திறப்போம்' கூட்டம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஒரு குஷனைக் கைமாற்றுவார்கள். குஷன் யார் மடியில் இருக்கிறதோ, அவர் தன் துக்கத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால் ஆறிவிடும் என்பது மேடத்தின் வாக்கு.

ஒருவர் பிரமோஷன் கிடைக்காததைச் சொல்லி அழுவார். இன்னொருவர் மருமகள் முகம் கொடுத்துப் பேசாததைச் சொல்லி அழுவார். அழாதவரிடம் டிஷ்யூ பெட்டி இரண்டாம் முறையும் வரும்.

கடைசியில் குஷன் மேடத்திடம் போகும். எல்லோரும் அதற்குத்தான் காத்திருப்பார்கள்.

"அப்போ எனக்கு ஏழு வயசு. சித்தி என்னைக் காலித் தண்ணித் தொட்டிக்குள்ள இறக்கி மூடியைப் போட்டுட்டாங்க. மூணு நாள். மூடியில ஒரே ஒரு ஓட்டை. அது வழியா விழுந்த வெளிச்சத்தை உள்ளங்கையில ஏந்திக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்..."

உள்ளங்கை என்ற சொல் வந்ததும் டீச்சருக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வரும். பதினோரு வாரமாக, பிசகாமல் அதே இடத்தில்.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் துப்புரவுக்காரி துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போவாள்.

"கல்லுகூடக் கரையும் மேடம். இவ வாராவாரம் எழுந்து போறா. அதோட விட்டாளா? ஸ்டோர் ரூம் கதவைச் சாத்தவே விடறதில்லை. வாளியை முட்டுக் கொடுத்து வச்சிருக்கா. போன வாரம் அவ உள்ள இருக்கும்போது நான் தெரியாம சாத்திட்டேன். விழுந்தடிச்சு ஓடி வந்து திறந்தா. பார்த்தாளே ஒரு பார்வை, நான் என்னமோ கொலை பண்ணின மாதிரி."

மேடம் தன் ஏசி அறைக் கதவை இழுத்துச் சாத்தினார்.

"எழுத்துல குடுத்துடுங்க டீச்சர். நான் பார்த்துக்கறேன்."

மன்னிப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடியவர், இந்த விஷயத்தை அரை நிமிடத்தில் முடித்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை அவளுக்குக் கடைசி நாள்.

"பொண்ணு பரீட்சை முடியற வரைக்குமாவது இருந்துக்கறேனே மேடம்" என்று கேட்டுப் பார்த்தாள்.

"உனக்கும் இந்த இடத்துக்கும் ஒத்து வரலைம்மா. மனசுல எதுவும் வச்சுக்காதே" என்று சொல்லிவிட்டு மேடம் கூட்டத்துக்குப் போய்விட்டார்.

டீச்சருக்குக் கொஞ்சம் உறுத்தியது. உறுத்தினால் அவருக்கு அறிவுரைதான் வரும்.

"இங்க பாரும்மா, எல்லாத்தையும் உள்ளேயே பூட்டி வச்சா மனசு இப்படித்தான் இறுகிப் போகும். உனக்கும் ஏதாவது கஷ்டம் இருந்திருக்கும். யார்கிட்டயாவது சொல்லணும். மேடத்தைப் பாரு, எவ்வளவு பெரிய கொடுமை. சொல்லிச் சொல்லியே ஆத்திக்கிட்டாங்க."

"நானும் சொன்னேன் டீச்சர். வேலைக்குச் சேர்ந்த புதுசுல மேடம்தான் சொல்லு, சொல்லுன்னாங்க. ஒண்ணுவிடாம சொன்னேன்."

"நல்லதாப் போச்சு. அவங்க உன் கதையைக் கேட்டாங்கல்ல? அப்போ அவங்க கதையை நீ உட்கார்ந்து கேட்டா என்னவாம்?"

அவள் ஸ்டோர் ரூம் வாசலுக்குப் போய், முட்டுக் கொடுத்திருந்த வாளியை எடுத்தாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. சாவியை டீச்சர் கையில் வைத்தாள்.

"நான் அந்தத் தொட்டிக்குள்ள இருந்தது ரெண்டு நாள்தான் டீச்சர். மூணாவது நாள் மட்டும்தான் மேடத்தோடது."