காளியப்பன் போட்ட மாலை

கழுத்தில் துளசி மாலையும் வெறுங்காலுமாகக் காளியப்பன் கடைக்குள் நுழைந்ததைப் பார்த்து, சிவக்குமார் கையிலிருந்த டீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

பின்னே? முப்பது வருஷமாக "சாமியாவது பூதமாவது" என்று ஏற்காடு முழுக்கப் பேசித் திரிந்த ஆள். கறுப்புச் சட்டைக்காரர். ஐயப்பனுக்கு மாலை போட்டும் புதுச் சட்டை வாங்க வேண்டியதில்லை என்பது ஒன்றுதான் அவருக்கு லாபம்.

சிவக்குமாரின் ஹார்டுவேர் கடையில் நண்பர்கள் நால்வரும் அன்று கூடியதே ஞாயிற்றுக்கிழமைக்குத் திட்டம் போடத்தான். காலையில் காப்பித் தோட்டங்கள் வழியாகத் தலைச்சோலை வரை நடை. திரும்பி வந்து, பார் வைத்த ஹோட்டலில் குளிருக்கு இதமாக ஒரு ரவுண்டு, பள்ளிப்பாளையம் சிக்கனோடு மத்தியானச் சாப்பாடு. உண்மையைச் சொன்னால், நடை என்பது வீட்டில் சொல்லிக்கொள்வதற்கு.

"போச்சு!" என்று தலையில் கை வைத்தார் எஸ்டேட் ரைட்டர் மாதேஷ். வருஷம் தவறாமல் பழனிக்கு நடந்து போகிற பக்தர் அவர். மாலை போட்டவரை 'டா' போட்டுப் பேசக் கூடாது. வாய்வரை வந்த 'டேய்'யை விழுங்கிவிட்டு, "ஏனுங்க சாமி, உங்களுக்கு அறிவுன்னு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றார்.

"கோவப்படாதீங்க சாமி," என்றார் காளியப்பன்.

"இந்த வாரந்தான் உங்களுக்குப் பக்தி பொங்கோணுமா? நாங்க போயிட்டு வர்றோம். நீங்க ஊட்ல பூசை பண்ணுங்க."

"அதெப்படி? மலைக்குப் போறதுக்கு வெறுங்கால்ல நடந்து பழகோணும்ல. நானும் வருவேன்."

சாமி உட்கார்ந்திருக்கிற மேஜையில் பாட்டிலைத் திறக்க யாருக்கு மனசு வரும்? சிவக்குமார் பரிதாபமாக நாலாமவரைப் பார்த்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டும் சிங்கராயர். நால்வரில் நிறையக் குடித்தும் நிதானம் தவறாதவர் என்று பேர் வாங்கியவர்.

"உடுங்கப்பா. சாமியோட நாமளும் சைவமே சாப்பிட்டுக்கலாம்," என்றார் சிங்கராயர்.

ஞாயிறு தவறாமல் விடியற்காலைப் பூசைக்குச் சர்ச்சுக்குப் போகிறவரே ஐயப்ப சாமிக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கும்போது, பழனி பக்தர் மறுக்க முடியுமா? மாதேஷ் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தார்கள். பக்தர்கள் ஷூ போட்டு நடக்க, நாத்திகர் சரளைக்கல்லில் நொண்டினார். அட்டை வேறு கடித்தது.

"ஐயோ, அம்மா!"

"சாமியே சரணம்னு சொல்லோணும்," என்று மாதேஷ் திருத்தினார்.

மத்தியானம் சைவ மெஸ்ஸில் முட்டைகோஸ் பொரியல். மாதேஷ் பார்த்த பார்வையிலேயே கோஸ் இன்னும் கொஞ்சம் வெந்துவிட்டது.

"இத்தன வருஷம் பேசுனதெல்லாம் வேஷம். நொம்ப நல்லா ஏமாத்தியிருக்கான்," என்று திரும்பும் வழியெல்லாம் சிவக்குமாரிடம் பொருமினார்.

அன்று சாயங்காலம், காளியப்பன் மெஸ்ஸில் மறந்து வைத்த குடையைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனார் மாதேஷ். கதவு திறந்தே கிடந்தது. காளியப்பன் சம்மணமிட்டு உட்கார்ந்து மட்டன் குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தார். மாலை சுவரில் ஆணியில் தொங்கியது.

இத்தனை நாள் விழுங்கி வைத்திருந்தது வெளியே வந்தது.

"டேய்! சாமி குத்தம்டா! மாலையக் கழட்டி மாட்டிட்டுக் கறி திங்கறயா?"

"கோயில்ல போட்ட மாலை இல்லடா அது. அடிவாரத்துக் கடையில நானே வாங்குனது. கத்தாம உக்காரு."

"அப்புறம் எதுக்குடா எங்க ஞாயித்துக்கிழமையக் கெடுத்த?"

காளியப்பன் எலும்பைத் தட்டோரம் வைத்தார்.

"சிங்கராயன் குடிய உட்டுட்டான். இனித் தொட்டா ஆளே தங்கமாட்டான்னு டாக்டர் சொல்லிட்டாராம். 'பார்ல போய் உக்காந்தா என்னால முடியாது காளியப்பா'ன்னு எங்கிட்ட வந்து அழுதான்."

"அத எங்ககிட்டச் சொல்லியிருந்தா நாங்க கேக்கமாட்டமா?"

"போன தடவை உட்டப்போ உங்கிட்டத்தானே மொதல்ல சொன்னான்? 'ஒண்ணே ஒண்ணு, ஒண்ணும் ஆகாது'ன்னு ஊத்திக் குடுத்தது யாரு?"

மாதேஷுக்கு விபூதிப் பட்டைக்குக் கீழே வியர்த்தது. வெட்கமாக இருந்தது. குடையை ஒரு மூலையில் சாய்த்துவிட்டு, காளியப்பன் எதிரில் உட்கார்ந்தார்.

"செரி. கார்த்திகை, மார்கழி நீ பாத்துக்கோ. தை மாசம் பழனிக்கு நான் மாலை போட்டுக்கறேன். அதுக்கப்புறம் என்னடா பண்றது?"

நாத்திகர் அதையும் யோசித்து வைத்திருந்தார்.

"அதுக்கப்புறம் தவக்காலம் வந்துரும். ஏசுநாதர் பாத்துக்குவாரு."