கார் போன்

"என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று பரிபூரணம் ஆரம்பித்ததும், காரோட்டிக்கொண்டிருந்த சௌந்தரபாண்டியன் காரிலேயே பொருத்தியிருந்த போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க அண்ணாச்சி. பேண்டேஜ் லோடு நாளைக்கு வந்துரும்."

வெளிநாட்டிலிருந்து வந்த அந்தப் பழைய காரை வாங்கிய நாளிலிருந்து இதே கதைதான். இராஜபாளையத்தில் எடுக்கிற போனை ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் வைப்பார். அவளும் அலுத்துப்போய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் ஒரு கடைக்குள் போனதும், பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த செல்போன் கடைக்காரரைக் கூப்பிட்டுக் கார் போனைக் காட்டினாள்.

"அவிய இதுல தொண்டை வலிக்கக் கத்துதாவ. நல்லா கேக்குற மாதிரி செய்ய முடியுமா?"

"இது அனலாக் போனும்மா. நம்ம பக்கம் வந்திருக்கதே டிஜிட்டல்தான். இதுக்கு இங்க டவரே கிடையாது. ஒரு நாளும் பேசியிருக்க முடியாதே."

திரும்பும் வழியில் அவர் வழக்கம்போல் போனை எடுத்தார். "சொல்லுங்க அண்ணாச்சி."

"செத்த நேரம் குடுங்க" என்று பரிபூரணம் அதை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு சொல்லிருங்க. எனக்கு மார்ல கட்டின்னு டாக்டர் சொல்லி மாசம் ஒண்ணாச்சு."