பெர்மிட்டில் இரண்டாவது பெயர்

மனைவி அனுப்பிய மலையேற்றப் பெர்மிட்டின் படத்தில் வேறொருவன் இருந்தான். முப்பத்தொரு வயது, வெளிர்நீலக் கண், தாடையில் லேசான பள்ளம். தில்மான் செல்போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தான். கிட்டத்தில் வைத்தும் பார்த்தான். எப்படிப் பார்த்தாலும் அவன் அழகாகத்தான் இருந்தான்.

"ஹென்ரிக்," என்று கான்ஸ்டபிள் லோகேந்திரா தோளுக்குப் பின்னால் நின்று பெர்மிட்டில் இருந்த பெயரை வாய்விட்டுப் படித்தான். "ஆறடிக்கு மேல இருப்பான்போல. பாவம் அண்ணி, நிமிந்து நிமிந்து பாத்தே கழுத்து வலிக்கும்."

"உன் வேலையப் பாருடா."

"நீங்க மூணு நாளா அவனத்தானே பாக்குறீங்க? நானும் ஒரு தடவ பாக்கக் கூடாதா அண்ணே?"

சூன்மாயா வழிகாட்டி உரிமம் வாங்கி, முதன்முறையாகத் தன் பொறுப்பில் ஆட்களை அழைத்துக்கொண்டு வருகிறாள். கணவாய்க்குப் போகிற யாரும் தில்மானின் சாவடியில் பெர்மிட்டைக் காட்டாமல் தாண்ட முடியாது. அவனும் ஒரு காலத்தில் வழிகாட்டிதான். முழங்கால் போன பிறகு இந்த நாற்காலி. அவன் ஏறிய பனியில் இனி அவள் ஏறுவாள், அதுவும் இந்தப் பள்ளத்தாடைக்காரனோடு.

பெர்மிட்டில் முதல் பெயர் மார்த்தா, வயது அறுபத்தாறு. அந்தம்மாள் மெதுவாகத்தான் நடப்பாள். மற்ற இருவரும் முன்னால் போய் ஏதாவது பாறையில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். காத்திருக்கும்போது என்ன பேசுவார்கள்? பதினாறு நாள் பயணம்! நாளுக்கு எத்தனை பாறை!

நேற்று போனில் சாதாரணமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டான். "ஹென்ரிக் நல்லா நடக்குறானா?"

"யாரு?" என்றாள் சூன்மாயா. பிறகு அவசரமாக, "ஓ, அவரா... நல்லா நடக்குறாரு."

யாராம்! கூடவே நடந்து, கூடவே சாப்பிடுகிறவனை யார் என்று கேட்கிறாள். என்ன நடிப்பு! தில்மான் அன்று கேழ்வரகு ரொட்டியைப் பாதியிலேயே வைத்துவிட்டான்.

ஒரே வழிதான் இருந்தது. பெர்மிட்டில் ஏதாவது பிழை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். கட்டண ரசீது, முத்திரை, தேதி, பாஸ்போர்ட் எண் எல்லாவற்றையும் எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டான். ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு பேர் இருந்தால்தான் அந்தப் பக்கம் பெர்மிட். ஒருவர் திரும்பினால் மற்றவரும் திரும்பியாக வேண்டும். மார்த்தாவுக்குக் கால் சுளுக்கினால்கூடப் போதும் என்று நினைத்தான். நினைத்ததற்கு உடனே வெட்கப்பட்டான். ஆனாலும் நினைத்தான்.

இன்று பார்த்து மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி சோதனைக்கு வந்திருந்தார். அதுவும் வசதிதான். பிழை கிடைத்தால் அவர் கையாலேயே திருப்பி அனுப்பலாம். சூன்மாயா கோபித்துக்கொண்டால், 'நான் என்ன பண்ண, சார்தான்' என்று கைவிரித்துவிடலாம்.

பத்து மணிக்குத் தொங்குபாலம் ஆடியது. கோவேறு கழுதைகளுக்குப் பின்னால் சிவப்புத் தொப்பி, அது சூன்மாயா. அவளுக்குப் பின்னால் கைத்தடியோடு வெள்ளைத் தொப்பி. தில்மான் காலையில் இரண்டு முறை மழித்த தாடையைத் தடவிக்கொண்டு பாலத்தையே பார்த்தான். மூன்றாவதாக யாரும் வரவில்லை.

சூன்மாயா மூச்சு வாங்கச் சாவடிக்குள் நுழைந்து பெர்மிட்டை மேசைமேல் வைத்தாள். மார்த்தா அவனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து காலணியைத் தளர்த்தினாள்.

"எங்க அவன்?" என்றான் தில்மான்.

"எவன்?"

"மறுபடியும் எவனா? உன் ஹென்ரிக்!"

"ஐயோ, மெதுவா!" அவள் மேசைமேல் சாய்ந்து அவன் காதருகே வந்தாள். "அப்படி ஒரு ஆளே வரலைங்க. ஒத்த ஆளுக்குப் பெர்மிட் தர மாட்டாங்கல்ல? எங்க கம்பெனியில போன வருஷம் வந்துட்டுப் போனவன் பாஸ்போர்ட் நகலச் சேத்து, ரெண்டு பேருன்னு பெர்மிட் வாங்கிட்டாங்க. ரெண்டு பேர் கட்டணத்தையும் அந்தம்மாவே கட்டியிருக்காங்க. கிளம்புற அன்னிக்குத்தான் எனக்கே சொன்னாங்க. செக்போஸ்ட்ல இருக்குற உங்ககிட்ட இத போன்லயா சொல்றது?"

மூன்று நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறைகள் எல்லாம் ஒரே நேரத்தில் உருண்டு விழுந்தன. தில்மானுக்குச் சிரிப்பு வந்தது. அவளுடைய சிவப்புத் தொப்பியைப் பிடித்து இழுக்க வேண்டும்போல இருந்தது.

அதற்குள் மேசைமேல் நிழல் விழுந்தது. பெரிய அதிகாரி டீத் தம்ளரோடு உள்ளே வந்து பெர்மிட்டைக் கையில் எடுத்தார். அவருக்குப் பின்னால் லோகேந்திரா, வாயெல்லாம் பல்லாக.

"பெர்மிட்ல ரெண்டு பேரு. இங்க ஒருத்தர்தான் இருக்காங்க. இந்த ஹென்ரிக் எங்க?"

சூன்மாயாவின் கை கழுத்தில் தொங்கிய உரிம அட்டையைப் பற்றிக்கொண்டது. வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத அட்டை. தில்மான் ஒரு சின்னப் பிழை கேட்டிருந்தான். கிடைத்ததோ, அந்த அட்டையையே பறித்துவிடக்கூடிய பிழை.

"உங்களத்தான் கேக்குறேன், தில்மான். அந்த ஆள நீங்க பாத்தீங்களா?"

தில்மான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். பதிவேட்டில் இரண்டாவது பெயரையும் அழுத்தி எழுதினான். லோகேந்திராவின் சிரிப்பைப் பார்க்காமல், அதிகாரியை நேராகப் பார்த்தான்.

"முன்னாடி போயிட்டான் சார்... என் பொண்டாட்டியச் சீக்கிரம் விடுங்க, பாவம், பாறையில உக்காந்து காத்துக்கிட்டு இருப்பான்."