பின்பக்கப் பூச்சு

கோடுகள் வளைந்திருந்தன.

மஞ்சள் விளக்கின் கீழே அவள் இன்னும் குனிந்து பார்த்தாள்.

தொலைநோக்கிக்கான ஆடி அது. சோதனைக் கண்ணாடியை அதன் மேல் வைத்து விளக்கில் பார்த்தால், தட்டையான ஆடிக்கு ஒளிக்கோடுகள் நேராக ஓடும். இம்மி வளைந்திருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

போச்சு. இதுவும் போச்சு.

ஏற்கெனவே இரண்டு ஆடிகள் இப்படித்தான் வீணாயின. மேலே பூசிய பளபளப்பு இறுகி இறுகி, அத்தனை கனமான கண்ணாடியையும் அப்பளம் மாதிரி வளைத்துவிட்டது. இது மூன்றாவது. இதோடு சரி. இதுவும் வளைந்தால் வேலை வேறு கம்பெனிக்குப் போய்விடும்.

பின்பக்கமும் அதே கனத்துக்குப் பூசிவிட்டால் இரண்டு இழுப்பும் சரிக்குச் சரி நிற்கும் என்று சொன்னவள் இவள்தான். மேலாளர் இன்பசேகரன் சிரித்தார்.

"யார் கண்ணுக்கும் தெரியாத பக்கத்துக்கு எதுக்கும்மா மேக்கப்பு?"

சிரித்தாலும் பூச விட்டார். அதுதான் இப்போது உறுத்தியது.

அவரைக் கூப்பிட எழுந்தவள் இன்னொரு முறை பார்த்தாள்.

பூச்சு இழுத்திருந்தால் வளைவு நடுவில் அல்லவா இருக்கும்? இது ஓரத்தில் இருக்கிறதே!

தன் வலது கையைப் பார்த்தாள். ஆடியைத் தூக்கி வந்தபோது பெருவிரல் அழுத்திய இடம். கைச்சூட்டுக்கே கண்ணாடி உப்பும் என்பது இங்கே முதல் நாள் பாடம். அவசரத்தில் ஆறவிடாமல் பார்த்திருக்கிறாள்.

மண்டூகமே, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சிரிப்பும் வந்தது.

நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள்.

பத்து நிமிடம்.

இருபது.

கோடுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. கடைசிக் கோடு மட்டும் கொஞ்ச நேரம் அடம்பிடித்தது. பிறகு அதுவும் நேரானது.

அப்பாடா! அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று.

கதவு திறந்தது. இன்பசேகரன் வந்து குனிந்தார். கோடுகளை எண்ணுகிறவர் போல அவருடைய விரல் தானாக ஆடியை நோக்கி நீண்டது.

"தொடாதீங்க சார்!"

ஏழு வருடத்தில் அவரிடம் அவள் இப்படிக் கத்தியதில்லை.

அவர் விரலை மடக்கினார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி விலகி நின்றார்.

இங்கிருந்து பார்க்கலாமா என்பது போல அவள் முகத்தைப் பார்த்தார்.