இடது கால்

"நின்ன எடத்துலயே பார்க்கலாம்க்கா. டிக்கெட் எடுத்துட்டேன், வா" என்று அக்கா ரேணுகாம்பாளை இழுத்தாள் மணியம்மாள்.

சின்ன காஞ்சிபுரத்தில் கருட சேவைக்கு வந்திருந்த பொருட்காட்சி. 'மாய உலகம்' என்று போர்டு. ஹெல்மெட் மாதிரி ஒன்றைத் தலையில் மாட்டினால் உள்ளே ஒரு பள்ளத்தாக்கு, அதன்மேல் பலகைப் பாலம்.

முன்னால் போன காலேஜ் பையன்கள் வெறும் சிமெண்ட் தரையில் கையை விரித்துக்கொண்டு, நடை பழகும் குழந்தைகள் போலத் தடுமாறினார்கள்.

"தரை மொழுக்குன்னுதான் இருக்குது. இதை மாட்டிக்கினா காலு நம்பாது" என்றான் ஸ்டால்காரன்.

ரேணுகாம்பாள் மருமகள் சத்யப்ரியாவின் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டே வந்தாள். மூன்று வருஷமாக இடது காலில் மூட்டு வலி. அதைச் சாக்காக வைத்து மருமகளை ஒரு விசேஷத்துக்கும் அனுப்புவதில்லை. பாவம் அந்தப் பெண் என்று தெருவே பேசியது.

ரேணுகாம்பாள் தலையில் ஹெல்மெட்டை மாட்டினார்கள்.

"பலகை உடையுதும்மா, தாண்டுங்க!" என்று கத்தினான் ஸ்டால்காரன்.

ரேணுகாம்பாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரே தாவாகத் தாவினாள். குனிந்தாள். மறுபடியும் தாவினாள்.

கூட்டம் கை தட்டியது. மணியம்மாள் தட்டவில்லை.

"இந்தக் காலா வலிக்குது? நடிச்சிக்கினு ஒரு பொண்ணை வூட்டுல அடைச்சி வச்சிருக்கியேக்கா!"

ஹெல்மெட்டைக் கழற்றிய ரேணுகாம்பாளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இனிமே சாக்கு சொல்லாத. ஞாயித்துக்கிழமை என் பொண்ணு வளைகாப்பு. சத்யப்ரியாவைப் பக்கத்து மணையில உட்கார வச்சி வளையல் போடணும். கல்யாணமாயி ஆறு வருஷம், வயித்துல ஒரு புழு பூச்சி இல்ல."

பக்கத்து ஸ்டால் வரைக்கும் கேட்டது.

சத்யப்ரியா குனிந்து மாமியாரின் முட்டியைத் தொட்டாள்.

"குதிச்சதுல வீங்கிப்போச்சு, சின்னத்தை. ஹெல்மெட்டுக்குள்ள நடக்கிற காலு வேற, வெளியில நடக்கிற காலு வேற. ஞாயித்துக்கிழமை எழுந்திருக்கவே முடியாது. நான்தான் கூட இருக்கணும்."

"நீ ஏமாந்தவம்மா" என்று தலையில் அடித்துக்கொண்டு போனாள் மணியம்மாள்.

அவள் கூட்டத்தில் மறைந்ததும் ரேணுகாம்பாள் விறுவிறுவென்று நடந்தாள்.

"பலகை உடைஞ்சதும் மறந்துட்டேம்மா. இன்னும் கொஞ்சத்துல நானே உன்னை அந்த மணையில உட்கார வச்சிருப்பேன்."

"பரவால்ல அத்தை. தெருமுனை வந்துடுச்சி, நொண்டுங்க" என்றாள் சத்யப்ரியா. "அது இல்ல, இடது காலு."